ஆண்டறிக்கை: கல்லூரி அணிகளின் சதுரங்கப் போட்டியும் சில விதிவிலக்குகளும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் அணிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சிறுவர் பயிற்சி முகாமும் மாவட்டத் தேர்வுப் போட்டியும் வழக்கம்போல நல்லபடியாக நடந்தன. இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது கல்லூரி அணிப் போட்டிதான். அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

ஒலிம்பியாட் போல அணிக்கு நான்கு போர்டு, அதாவது ஆளுக்கொரு பலகையில் வரிசைப்படி நான்கு ஆட்டக்காரர்கள்; மாற்று ஆட்டக்காரராக ஒரு ரிசர்வ். முதல் சுற்றுக்கு முன் எழுதிக் கொடுத்த வரிசையை அப்புறம் மாற்ற முடியாது. ஓர் அணியின் முதல் போர்டு ஆட்டக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் இடத்தில் ரிசர்வை உட்கார வைத்து, மற்ற மூவரையும் அதே போர்டுகளில் ஆட விட அனுமதி கேட்டார்கள். மறுத்துவிட்டோம். மூவரும் ஒரு படி மேலேற, ரிசர்வ் நான்காவது போர்டில் ஆடினார். காய்ச்சலுக்கு வருந்தலாம், அதற்காக எதிரணி தயாராகி வந்த வரிசையைக் குலைக்க முடியாது.

பார்வையற்ற மாணவர் ஒருவரும் ஆடினார். துளையிட்ட தனிப் பலகை, அடியில் முளை வைத்த காய்கள். நிலையைத் தெரிந்துகொள்ள அவர் விரலால் பலகை முழுவதையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாக் காயையும் தொடுகிறாரே, தொட்ட காயை நகர்த்த வேண்டாமா?" என்று எதிரணி கேப்டன் எழுந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, அந்தப் பலகையில் காயைத் துளையிலிருந்து எடுத்தால்தான் தொட்டதாகக் கணக்கு. நடுவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். யாரும் காட்டிய சலுகை அல்ல அது, விதியே அப்படித்தான். நகர்த்தலை இருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதால் அந்த மேசையைச் சற்றுத் தள்ளிப் போட்டோம்.

செல்போனில் கறாராகவே இருந்தோம். 2003இல் பல்கேரியாவின் பிளோவ்டிவில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போதைய ஃபிடே உலக சாம்பியன் பொனோமரியோவே போன் ஒலித்ததால் ஆட்டத்தை இழந்தார். ஆனால் நம் போட்டிக்கு வந்த மாணவி ஒருவருக்குச் சர்க்கரை நோய். கையில் ஒட்டிய சென்சாரின் எச்சரிக்கை அவருடைய போனுக்குத்தான் வரும். நடுவர் அனுமதி தராத சாதனத்தைத்தான் விதி தடுக்கிறது. எனவே போன் நடுவர் மேசையில் இருந்தது, மாணவி அதைத் தொடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் எதிரணி கேப்டனிடம் "மருத்துவ அனுமதி" என்று மட்டும் சொன்னோம். என்ன நோய் என்று கேட்ட கேப்டன்களுக்குப் பதில் தரவில்லை. மாணவியின் சம்மதத்தோடுதான் இங்கே, பெயரில்லாமல், சொல்கிறேன். விலக்கு இருப்பதை அறிய எதிரணிக்கு முழு உரிமை உண்டு. உடம்புக்கு என்ன என்பதை அறிய இல்லை.

சதுரங்க விதிகளின் முன்னுரையே, விதி மிக விரிவாக இருந்தால் நியாயத்தைப் பார்த்து முடிவெடுக்கும் சுதந்திரத்தை நடுவர் இழக்க நேரிடும் என்கிறது. அந்தச் சுதந்திரம் ஆட்டத்தின் நடுவில் கேட்டு வாங்குவதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே அடுத்த ஆண்டு முதல், விலக்கு வேண்டுவோர் பதிவின்போதே மூடிய உறையில் தலைமை நடுவருக்கு எழுதித் தர வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். இந்த முறை அந்த மாணவர் பலகையைத் தானே சுமந்து வந்தார். சங்கத்துக்கென இரண்டு முளைப் பலகைகள் வாங்கவும் ஒப்புதல் கேட்கிறேன். விலைப்புள்ளி பொருளாளரிடம் உள்ளது.

செயலாளர்