வீட்டையும் கேட்டறிந்து பள்ளியை ஒதுக்குங்கள்: ஆசிரியர் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியஸில் ஆசிரியர் பயிற்சியை வகுத்து நடத்தும் பெரியோர்களுக்கு வணக்கம்.

நான் தீவின் தெற்கே உள்ள ரோஸ் பெல்லில் வாழ்ந்து, தமிழாசிரியராகப் பயிற்சி பெறுபவள். 4 வயது மகளுக்கும் 11 மாத மகனுக்கும் தாய். இம்மடலில் நான் முதன்மையாகக் கேட்பது இது. கற்பித்தல் பயிற்சிக்காக எங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும்போது, எங்கள் வீடு எங்கே இருக்கிறது, எங்கள் குழந்தையை யார், எத்தனை மணியிலிருந்து பார்த்துக்கொள்ள முடியும் என்பதைக் கேட்டறிந்த பிறகு பள்ளியை ஒதுக்குங்கள். ஒதுக்கியதை ஒரு மாதம் முன்னதாகவே தெரிவியுங்கள்.

பயிற்சியின் மற்றப் பகுதிகளைக் குறித்து எனக்குப் பெரிய குறையில்லை. உளவியல் பாடத்தைக் குழந்தை உறங்கிய பின் படிக்கலாம். ஒப்படையை விடியற்காலையில் எழுதலாம். வகுப்பில் காட்டும் பட அட்டைகளை மகளோடு தரையில் அமர்ந்து வெட்டி ஒட்டலாம், அவளுக்கும் அது விளையாட்டாகிவிடும். கற்பித்தல் பயிற்சி அப்படிப்பட்டதன்று. மணி அடிக்கும் நேரத்தில், பாடக்குறிப்பு கையில் இருக்க, பிள்ளைகளின் முன் நின்றே ஆகவேண்டும். வளைந்து கொடுக்க இடமில்லாத அந்த வாரங்களில்தான் குடும்பம் வைத்திருக்கும் பயிற்சி மாணவர் முறிந்துபோகிறார்.

சென்ற தவணையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தீவின் வடகோடியில் ஓர் ஊர்ப் பள்ளி எனக்கு ஒதுக்கப்பட்டது. பள்ளிக்குப் போகவேண்டிய திங்கட்கிழமைக்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் செய்தி வந்தது. வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு இது; வரைபடத்தில் பார்ப்பவருக்கு எந்த ஊரும் தொலைவாகத் தோன்றாது. ஆனால் கார் இல்லாதவர் தெற்கிலிருந்து பேருந்தில் தலைநகர் போர்ட் லூயி போய், விக்டோரியா நிலையத்தில் இறங்கி, நகரின் மறுபக்கத்தில் உள்ள இமிகிரேஷன் ஸ்குவேருக்கு நடந்து, அங்கே வடக்கே செல்லும் பேருந்தைப் பிடிக்கவேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால்தான் காலைக் கூட்டத்துக்குப் போய்ச் சேர முடியும். எங்கள் ஊரில் கிரெஷ் என்று நாங்கள் அழைக்கும் குழந்தைக் காப்பகம் திறப்பதோ ஆறே முக்காலுக்கு. என் கணவர் கடலோர விடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் முறைப்பணி செய்கிறார். இரவுமுறை வரும் வாரங்களில் நள்ளிரவு கடந்துதான் வீடு திரும்புவார். முழங்கால் வலியால் படியேற முடியாத என் மாமியார்தான் அந்த வாரங்களில் ஒரு கையில் பால்புட்டியும் மறு கையில் பேத்தியின் பையுமாகக் காப்பகத்துக்கு நடந்தார். எனக்காக அவர் நடந்த அந்தத் தூரம் எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் பதிவாகவில்லை.

மூன்றாம் வாரத்தில் மகனுக்கு மூச்சிரைப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று நாள் என்னால் பள்ளிக்குப் போக இயலவில்லை. மருத்துவச் சான்று கொடுத்தேன், அதைப் பெற்றுக்கொண்டார்கள், ஆயினும் விடுபட்ட மூன்று நாட்களுக்காக முழுப் பயிற்சிக் காலத்தையும் மறுபடி செய்யுமாறு கூறிவிட்டார்கள். அதுவரை நடத்திய பாடங்கள், மேற்பார்வையாளர் வந்து பார்த்துப் பாராட்டி எழுதிய குறிப்பு, என் பெயரைச் சொல்லி ஓடிவரத் தொடங்கியிருந்த அந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கணக்கில் இல்லாமற் போயின. அன்றிரவு நான் அழுதேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இந்தப் படிப்பில் பலர் அழுகிறார்கள், அதைச் சொல்வதற்குத்தான் அஞ்சுகிறார்கள்.

என்னுடன் பயிற்சியில் சேர்ந்த இளைய தோழி ஒருவர், இரண்டாவது குழந்தை வயிற்றிலிருக்கும்போது படிப்பை நிறுத்திவிட்டார். ஓராண்டு கழித்து அதே இடத்திலிருந்து தொடர வழியுண்டா என்று கேட்டார். புதிதாக விண்ணப்பிக்கவேண்டும் என்பதே பதிலாகக் கிடைத்தது. தேவாரத்தைப் பொருள் சொல்லிப் பாடிக்காட்டக்கூடிய அவர் இன்று கத்ர் போர்ன் நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். அந்த வேலை தாழ்ந்ததன்று. ஆனால் தமிழ் வகுப்பு அவரை இழந்துவிட்டது.

அந்த இழப்பு நம் நாட்டில் சிறியதன்று. நம் ரூபாய்த் தாளில் தமிழெழுத்து இருக்கிறது, கோயிலில் தமிழ் ஒலிக்கிறது, ஆனால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுமொழி, பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல்தான். 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் கிரியோலும் விருப்பப் பாடமாகிவிட்டது. முன்னோர் மொழியா கிரியோலா என்று தேர்ந்தெடுப்பவர்கள் பெற்றோர்கள். கிரியோல் என் மகளின் மொழியும்கூட. அதற்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் தமிழைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு நல்ல ஆசிரியர் கிடைக்கவேண்டுமல்லவா?

குழந்தை வளர்ப்பதை எங்கள் படிப்புக்கு இடையூறாக மட்டும் பார்க்காதீர்கள் என்றும் வேண்டுகிறேன். என் மகள் பசி வந்தால் 'மோ ஃபேன்' என்பாள். நான் 'பசிக்கிறதா?' என்று கேட்டுக்கொண்டே சோறு போடுவேன். சில மாதங்களில் அவளே 'அம்மா, பசிக்குது' என்று சொல்லத் தொடங்கினாள். அதுவரை அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. உயிரெழுத்து அட்டையைச் சுவரில் மாட்டித் தொடங்குவதைவிட, பசி, தண்ணீர், வலி, விளையாட்டு என்று பிள்ளைக்கு வேண்டிய சொற்களிலிருந்து தொடங்கவேண்டும் என்பதை நான் அவளிடமே கற்றேன். மேற்பார்வையாளர் பாராட்டிய பாடம் அந்த வழியில் அமைத்ததுதான்.

2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம் மகப்பேற்றுக்கு 14 வார விடுப்பை வகுத்தது. பாலூட்டும் தாய்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்தையோ, இரண்டு அரைமணி இடைவேளைகளையோ ஆறு மாத காலத்துக்கு அளித்தது. அது பணி ஒப்பந்தம் உடையவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு விருந்தினரைப் போலச் செல்லும் மாணவியோ, பால் கட்டி மார்பு வலிக்கும்போது கழிவறைக்குள் போய் நிற்கிறாள். பள்ளியில் ஒரு சிறு அறையும் அரைமணி நேரமும் கிடைத்தாலே போதும்.

பள்ளிகளின் தேவைதான் முதலில், தமிழ் எல்லாப் பள்ளியிலும் இல்லை, ஆகவே எல்லாருக்கும் அருகிலேயே இடம் கொடுக்க இயலாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அது நியாயமே. அருகில் இல்லாவிட்டால் தொலைவில் கொடுங்கள். ஆனால் ஒரு மாதம் முன்பு தெரிந்தால் நான் வடக்கில் உள்ள என் அத்தை வீட்டில் குழந்தைகளோடு தங்க ஏற்பாடு செய்திருப்பேன், கணவர் தம் முறையை மாற்றிக் கேட்டிருப்பார். நான்கு நாளில் ஒரு குடும்பத்தை இடம்பெயர்க்க முடியாது. பயிற்சி நேரத்தைக் குறைக்குமாறும் மதிப்பெண்ணில் சலுகை காட்டுமாறும் நாங்கள் கேட்கவில்லை. மூன்று நாள் விடுபட்டால் அந்த மூன்று நாட்களையே திரும்பச் செய்ய விடுங்கள். மகப்பேறு வந்தால் ஓராண்டுக்கு இடத்தைக் காத்து வையுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தந்தையரும் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஒதுக்கீட்டுப் படிவத்தில் கேள்வியைச் சேர்க்கும்போது அவர்களையும் கேளுங்கள்.

ஜனவரியில் பள்ளிகள் திறக்கின்றன. விட்ட பயிற்சியை நான் அப்போதுதான் மறுபடி தொடங்கவேண்டும். அதற்கான ஒதுக்கீட்டுப் பட்டியலை நீங்கள் தயாரிப்பதற்கு முன், குழந்தைகள் உள்ள பயிற்சி மாணவர்களை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். எந்த நாள் சொன்னாலும் வருவேன்; மகனைத் தூக்கிக்கொண்டு வர அனுமதி மட்டும் வேண்டும்.

பணிவுடன்,
ஒரு தமிழாசிரியப் பயிற்சி மாணவி,
ரோஸ் பெல்