வட்டாரம் வகுக்கும் வேலையை மாணவரிடமும் கொடுங்கள்: உலக வட்டாரப் புவியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கல்லூரியின் முதலாண்டில் அறிமுகப் பாடமாக வைக்கப்படும் உலக வட்டாரப் புவியியல் குறித்து உங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். இந்தப் பாடத்தில் வந்து அமரும் மாணவர்களில் பலர் புவியியலை முதன்மைப் பாடமாக எடுக்கப்போகிறவர்கள் அல்லர். வணிகவியலுக்கும் வரலாற்றுக்கும் கணினி அறிவியலுக்கும் போகவிருக்கும் அவர்கள், உலகத்தை முறையாக உட்கார்ந்து படிக்கும் கடைசி வாய்ப்பு பெரும்பாலும் இந்த ஒரு பருவம்தான். இங்கே எந்த உலகப் படம் அவர்கள் மனத்தில் பதிகிறதோ அதை வைத்துத்தான் பின்னாளில் செய்தி படிப்பார்கள், வாக்களிப்பார்கள், பிற நாட்டாரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவார்கள். அதனால் இப்பாடம் எப்படி வகுக்கப்படுகிறது என்பதை அலுவல் சார்ந்த ஒரு சிறு விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது பரவலாக நடப்பில் உள்ள அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. உலகம் பத்துப் பன்னிரண்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலகு. ஒவ்வோர் அலகிலும் அமைவிடம், நிலத்தோற்றம், காலநிலை, மக்கள்தொகை, தொழில்கள் என்று ஒரே வரிசையில் குறிப்புகள். மாணவர் ஒரு வட்டாரத்தைச் சந்திக்கும்போதே அது கோடு போட்டு, வண்ணம் தீட்டி, பெயர் எழுதி முடித்த ஒன்றாக இருக்கிறது. அந்தக் கோட்டை யார் போட்டார்கள், எந்த அளவுகோலை வைத்துப் போட்டார்கள், நூறு கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் எது உள்ளே வந்து எது வெளியே போயிருக்கும் என்ற கேள்விகள் பருவம் முழுவதும் எழுவதே இல்லை. வட்டாரப் புவியியலின் உயிரே அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. வட்டாரங்களை வகுக்கும் வேலையில் ஒரு பங்கையாவது மாணவரிடம் கொடுங்கள், அதற்கு வகுப்பில் நேரமும் தேர்வில் மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கோடுகள் ஐயத்துக்கு இடமின்றி இருந்திருந்தால் இந்த வேண்டுகோளுக்கே அவசியம் இருந்திருக்காது. ஐ.நா. புள்ளியியல் பிரிவின் பட்டியலில் ஈரான் தெற்காசியாவில் இருக்கிறது. உலக வங்கியோ அதை மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்காவோடு சேர்க்கிறது. சூடான் முன்னதில் வட ஆப்பிரிக்கா, பின்னதில் சகாராவுக்குத் தெற்கிலான ஆப்பிரிக்கா. அதே ஐ.நா. பட்டியலின்படி மேற்காசிய நாடான சைப்பிரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடாக இருக்கிறது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிப்பதாக நாம் கேள்வி கேட்காமல் கற்பிக்கும் யூரல் மலைத்தொடர்கூட 18ஆம் நூற்றாண்டில்தான் எல்லையாக முன்மொழியப்பட்டது. அதற்கு முன் பன்னெடுங்காலம் டான் ஆறே எல்லையாகக் கொள்ளப்பட்டுவந்தது. கசகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் 1991 வரை சோவியத் ஒன்றியம் என்ற அத்தியாயத்துக்குள் கிடந்தன. அதன்பின் ஒரு நூலில் ரஷ்யாவோடும், வேறொன்றில் தென்மேற்காசியாவோடும், இன்னொன்றில் தனியாகவும் வைக்கப்பட்டன. மலையும் பாலைநிலமும் இருந்த இடத்திலேயே இருக்க, அத்தியாயம் மட்டும் இடம் மாறியது. தம் பிரிவுகள் புள்ளிவிவர வசதிக்காக அமைந்தவை என்று ஐ.நா.வே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரியை நம் பாடநூல்கள் மாணவருக்குச் சொல்வதில்லை.

ஓர் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். சாட் ஏரியைச் சுற்றி நான்கு நாடுகள் இருக்கின்றன: சாட், கேமரூன், நைஜர், நைஜீரியா. ஐ.நா. பட்டியலைப் பின்பற்றும் பாடத்திட்டத்தில் முதல் இரண்டும் மத்திய ஆப்பிரிக்காவிலும், மற்ற இரண்டும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வரும். ஏரி ஒன்று, அலகு இரண்டு. எந்த அலகிலும் ஏரி முழுமையாக வராது. பெரும்பாலும் இரண்டு அலகுகளிலும் ஒரு வரிக் குறிப்பாகவே முடிந்துபோகும்.

அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். 1960களில் ஏறக்குறைய 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த ஏரி, 1980களின் நடுவில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. பின்னர் ஓரளவு மீண்டு, பருவத்துக்குப் பருவம் விரிந்தும் ஒடுங்கியும் வருகிறது. ஆழம் மிகக் குறைந்த ஏரி என்பதால் நீர்மட்டம் சற்றே இறங்கினாலும் கரை வெகுதூரம் பின்வாங்கிவிடும். ஏரிக்கு வரும் நீரில் பத்தில் ஒன்பது பங்கைச் சாரி, லோகோன் ஆறுகள் கொண்டுவருகின்றன. அந்த நீருக்கு மூலமான மழை ஏரியின் மேல் பெய்வதன்று, தெற்கே மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் கேமரூன் மேட்டு நிலத்திலும் பெய்வது. ஆக, சகேல் என்னும் வறண்ட பட்டையில் மீன் பிடிப்பவரின் பிழைப்பு, அவர் பார்த்திராத ஓர் ஈரமான நாட்டின் மழையைச் சார்ந்திருக்கிறது. இதை உணர்ந்தே நான்கு நாடுகளும் 1964இல் சாட் ஏரிப் படுகை ஆணையத்தை அமைத்தன. படுகையே ஒரு வட்டாரம் என்று அந்த அரசுகள் ஏற்றுக்கொண்டு ஆறு பத்தாண்டுகள் கடந்துவிட்டன. நம் அலகுப் பிரிப்பில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ஏரிக்கு வடகிழக்கே போடேலே என்ற பள்ளநிலம் கிடக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்த பழைய ஏரியின் உலர்ந்த படுகை அது. திபெஸ்தி, என்னெடி என்ற இரு உயர்நிலங்களுக்கு இடையே நெருக்கி வரும் காற்று, அந்த ஏரியில் வாழ்ந்து மடிந்த நுண்பாசிகளின் வெண்ணிறப் பொடியை வாரியெடுத்துச் செல்கிறது. உலகின் மிகப் பெரிய தூசி ஊற்றுகளுள் ஒன்று அது. அட்லாண்டிக்கைக் கடக்கும் சகாராத் தூசி ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸை அமேசான் படுகையில் சேர்க்கிறது என்று 2015இல் வெளியான ஒரு செயற்கைக்கோள் ஆய்வு மதிப்பிட்டது. மழை அரித்துச் செல்லும் பாஸ்பரஸை ஈடுசெய்யக்கூடிய அளவு அது. சகாராவை ஆறாவது அலகிலும் அமேசானைப் பதினொன்றாவது அலகிலும் படித்த மாணவர் இரண்டையும் நன்றாகவே படித்திருக்கலாம். ஆனால் ஒன்றின் வறட்சி மற்றொன்றின் செழிப்புக்கு உரமாகிறது என்ற செய்தி இரண்டு அலகுகளுக்கும் நடுவே விழுந்து தொலைந்துவிடும்.

வட்டாரம் வகுக்கச் சொல்லும் பயிற்சியை நான் வகுப்பில் தொடங்குவதும் இந்தப் பகுதியின் வரைபடத்தோடுதான். நாட்டு எல்லைகளை அகற்றிவிட்டு, ஒரே அளவு மழை பெறும் இடங்களை இணைக்கும் சம மழைக்கோடுகளை மட்டும் வைத்த ஒரு தாளைக் கொடுத்து, சகாரா எங்கே முடிகிறது என்று ஒரு கோடு போடச் சொல்கிறேன். சிலர் 100 மில்லிமீட்டர் கோட்டில் நிறுத்துவார்கள், சிலர் 200க்குப் போவார்கள். கால்நடை மேய்க்க முடியுமா, தானியம் விளையுமா என்று கேட்டு இன்னும் தெற்கே இறங்குபவர்களும் உண்டு. பிறகு 1968 முதல் நீடித்த பெரு வறட்சியின்போது இதே மழைக்கோடுகள் தெற்கே நகர்ந்ததைக் காட்டுவேன். போட்ட கோட்டை என்ன செய்வது என்ற வாக்குவாதம் அங்கே மூளும். மழைக்காலத்தில் வடக்கேயும் வறண்ட காலத்தில் தெற்கேயும் மந்தைகளை ஓட்டிச்செல்லும் ஃபுலானி மேய்ப்பருக்கு எது எல்லை என்று ஒருவர் கேட்டுவிட்டால், அந்த வகுப்புக்கு மேற்கொண்டு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே தன்மை பரவியிருப்பதால் அமையும் வட்டாரம், போக்குவரத்தாலும் நீராலும் வணிகத்தாலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் அமையும் வட்டாரம், மக்கள் தம் மனத்தில் கொண்டிருக்கும் வட்டாரம் என்ற மூன்று வகைகளும் வரையறையாக மனப்பாடம் ஆவதற்கு முன்பே அவர்கள் கைக்கு வந்துவிடுகின்றன.

அலகுச் சுவர்கள் மறைக்கும் ஒற்றுமைகளும் உண்டு. கோடையில் வறண்டு, குளிர்காலத்தில் மழை பெறும் மத்தியதரைக் காலநிலை ஐந்து இடங்களில் காணப்படுகிறது: மத்தியதரைக் கடலோரம், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். ஏறத்தாழ 30 முதல் 45 பாகை அட்சங்களுக்குள், பெரும்பாலும் கண்டங்களின் மேற்கு ஓரத்தில் இவை அமைந்திருக்கின்றன. கோடையில் துணைவெப்பமண்டல உயரழுத்தம் துருவத்தை நோக்கி நகர்ந்து மழையைத் தடுக்கிறது. குளிர்காலத்தில் அது விலகும்போது மேலைக்காற்றுகள் மழையைக் கொண்டுவருகின்றன. இந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொண்டால் ஐந்து இடங்களின் காலநிலையும், காட்டுத்தீயும், திராட்சைத் தோட்டங்களும் ஒருசேர விளங்கும். நாமோ ஐந்து அலகுகளில் ஐந்து தனிக் குறிப்புகளாக எழுதவைத்து, ஐந்தையும் தனித்தனியே மறக்கவிடுகிறோம்.

மடகாஸ்கர் ஆப்பிரிக்க அலகில்தான் வரும். ஆனால் அதன் மொழியின் மிக நெருங்கிய உறவு மொழி இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் தென் போர்னியோவில் பேசப்படுகிறது. பிரான்சின் மிக நீண்ட நில எல்லை, பிரெஞ்சு கயானா வழியாகப் பிரேசிலோடு அமைந்திருக்கிறது. இத்தகைய செய்திகளைப் பாடநூல்கள் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் சுவையான துணுக்குகளாகப் போடுகின்றன. எனக்கு அது வருத்தமளிக்கிறது. கடல்வழிக் குடியேற்றமும் குடியேற்ற ஆட்சியும் நிலவரைபடத்தை எப்படி எழுதின என்பதற்கு இவையே நேரடிச் சான்றுகள். கட்டத்தை விட்டு வெளியே எடுத்துப் பாடத்தின் நடுவில் வைக்கத் தகுந்தவை.

என் வேண்டுகோளுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். முதலாண்டு மாணவருக்கு நைஜர் எங்கே, நைஜீரியா எங்கே என்றே தெரியாதபோது எல்லைகளைக் கேள்வி கேட்கச் சொல்வது எப்படி என்பது அந்த வாதம். அது நியாயமானது. இடங்களின் பெயரும் அமைவிடமும் நினைவில் இருந்தே ஆகவேண்டும். வெற்றுத் தாளின் மேல் யாராலும் சிந்திக்க முடியாது. அதனால் வரைபடத் தேர்வை நீக்கும்படி நான் கேட்கவில்லை. அதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே கண்டிப்பாக நடத்தி முடித்து, அந்த அறிவை வைத்துக்கொண்டு எஞ்சிய வாரங்களில் வேலை செய்யவிடுங்கள் என்றே கேட்கிறேன். ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளையும் ஒரே பருவத்தில் சம அளவில் தொட்டுச் செல்லும் முயற்சியைக் கைவிட்டாலே அதற்கு நேரம் கிடைத்துவிடும்.

வட்டாரப் புவியியல் வெறும் வருணனையாகிவிட்டது, காரணங்களைத் தேடும் அறிவியலாக அது இல்லை என்று புவியியலாளர் ஃபிரெட் ஷேஃபர் 1953இல் எழுப்பிய குற்றச்சாட்டு துறைக்குள் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஆய்வுத் தளத்தில் துறை அதற்குப் பல வகையில் விடை கண்டுவிட்டது. அறிமுகப் பாடம் மட்டும் அந்த விவாதம் நடக்கவே இல்லை என்பதுபோல் இன்னும் பட்டியல்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. உருண்டைப் புவியைத் தட்டைத் தாளில் வரைய மெர்க்கேட்டர் 1569இல் வகுத்த எறியத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. இதை எல்லா ஆசிரியர்களும் முதல் வாரத்தில் சொல்லிவிடுகிறோம். வரைபடம் ஒருவர் ஒரு நோக்கத்தோடு செய்த தேர்வு என்பதைப் பரப்பளவில் ஒப்புக்கொள்ளும் நாம், வட்டார எல்லைகளில் ஏன் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம்?

வினாத்தாள் அமைப்போருக்குத் தனியே ஒரு சொல். நீங்கள் எதற்கு மதிப்பெண் கொடுக்கிறீர்களோ அதைத்தான் நாங்கள் கற்பிக்க முடிகிறது. பாடத்திட்டத்தின் முன்னுரையில் எவ்வளவு உயர்ந்த நோக்கங்களை எழுதினாலும், தேர்வில் பொருத்துகவும் கோடிட்ட இடம் நிரப்புகவும் மட்டுமே வந்தால் மாணவர் அதற்கே படிப்பார். அடுத்த தேர்வில் ஒரே ஒரு நெடுவினாவையாவது மாற்றிப் பாருங்கள். சாட் ஏரியைச் சுற்றியுள்ள நான்கு நாடுகளின் நிலத்தோற்றம், மழை, மொழி, வணிகப் பாதைகள் அடங்கிய ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இவற்றை ஒரே வட்டாரமாக வகுப்பதற்கு எந்தச் சான்றுகள் துணைநிற்கும், அப்படி வகுத்தால் எது பார்வையிலிருந்து மறையும் என்று கேளுங்கள். விடைகள் ஒன்றுபோல் இருக்கமாட்டா என்பதால் திருத்துவது கடினம்தான். காட்டப்பட்ட சான்றுக்கும் வாதத்தின் தெளிவுக்கும் மதிப்பெண் பிரித்து ஒரு திருத்தும் நெறி வகுத்துக்கொண்டால் அது செய்யக்கூடியதே. அந்த நெறியை உருவாக்கும் பணியில் என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலரும் உங்களோடு அமர்ந்து உழைக்க ஆயத்தமாக இருக்கிறோம். குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதலாண்டு வகுப்பில் உலக வட்டாரப் புவியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்