அப்பன் லைசென்ஸ் மகனுக்கு வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க பேப்பர்ல குதிரையேற்றம் பத்தி வந்த பக்கத்தைப் படிச்சேன், நம்ம பிள்ளைங்க குதிரை மேல உக்காந்திருக்கிறதப் பாக்க சந்தோசமா இருந்துச்சு. ஆனா வார்ம்பிளட் (ஜம்பிங் மாதிரி போட்டிக்குன்னு ஐரோப்பாவுல வளத்த குதிரை இனங்க) குட்டி வாங்குறதப் பத்தி எழுதுனவங்க பொலி குதிரைய, அதாவது குட்டிக்கு அப்பனா வர்ற ஆம்பள குதிரைய, மட்டும் விட்டுட்டாங்க. நான் சுங்கை பீசியில குதிரைங்களப் பராமரிக்கிற சைஸா இருந்தவன், இப்ப சிலாங்கூர்ல ஒரு லாயத்துல வேல பாக்குறேன், அதனால சொல்றேன்.

இங்க குதிரை விக்கிற ஏஜெண்டுங்க பொலி குதிரையக் காட்டிச் சொல்றது ஒரே பாட்டுதான், "இவன் அப்பன் ஜெர்மனியில லைசென்ஸ் ஆனவன் அண்ணே, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்." லைசென்ஸுன்னா குட்டிக்கு அப்பனா விடக் குடுக்குற அனுமதி. அப்பன் பாஸானா மகனுக்கு என்ன? ஜெர்மனியில ஹனோவேரியன் இனம்னா வெர்டன் ஊரு, ஹோல்ஸ்டைனர் இனம்னா நோய்மூன்ஸ்டர் ஊரு, அங்க ரெண்டரை வயசு ஆம்பள குதிரைங்கள ஒவ்வொன்னா தனித்தனியா பாக்குறாங்க. மொதல்ல எக்ஸ்ரே, மூட்டுல எலும்புத் துண்டு கிண்டு இருக்கான்னு, அப்புறம் கெட்டித் தரையில நடக்க விட்டு, ஓட விட்டு கால் எப்படி விழுதுன்னு பாப்பாங்க, அதுக்கப்புறம் ஆள் ஏறாம வெறும் குதிரைய தடை தாண்ட விடுவாங்க. அதோட முடியல. 14 நாள் டெஸ்டு இல்ல 50 நாள் டெஸ்டுன்னு இருக்கு, அதுல முன்ன பின்ன தெரியாத ரைடர் ஏறி ஓட்டிப் பாத்து மார்க் போடுவாரு, வீட்டு ஆள் கிட்ட மட்டும் அடங்குற குதிரை அங்க மாட்டிக்கும் (எனக்கு ரொம்பப் புடிச்ச டெஸ்டு இதான்). ஹாலந்துல இன்னும் கண்டிப்பு, பாஸான குதிரையோட குட்டிங்களையும் பாத்துட்டு, சரியில்லன்னா குடுத்த அனுமதியத் திரும்ப வாங்கிடுவாங்க. தேறாததுல முக்காவாசிய காயடிச்சுடுவாங்க, அதுங்க நல்லாத்தான் ஜம்பிங் போகும், அதுல ஒரு கேவலமும் இல்ல.

நம்ம ஆளுங்களோ கருப்பா பளபளன்னு இருக்கா, கழுத்த வளைச்சு ஆட்டம் காட்டுதா, சுழி சுத்தமா இருக்கான்னு பாத்துட்டு காயடிக்காம வச்சுக்கிறாங்க.

இன்னொன்னு, டபிள்யூஎஃப்எஃப்எஸ்னு ஒரு ஜீன் கோளாறு வார்ம்பிளட்ல உண்டு. ஒரு ஜீன் மட்டும் இருந்தா குதிரை பாக்க நல்லாத்தான் இருக்கும், ஒன்னும் தெரியாது, ஆனா அப்பா அம்மா ரெண்டுக்கும் இருந்துச்சுன்னா நாலுல ஒரு குட்டிக்கு ரெண்டு ஜீனும் வந்துடும். அது வயித்துலயே போயிடும், இல்லன்னா தோல் பேப்பர் மாதிரி கிழிஞ்சு, மூட்டு தொளதொளன்னு பொறக்கும், காப்பாத்த முடியாது, ஊசி போட்டு அனுப்பத்தான் வேணும். பெட்டைய பதினோரு மாசம் பாத்து பாத்து வளத்துட்டு இதப் பாக்கணுமா லா? வேரோட கொஞ்சம் பிடரி முடி எடுத்து லேப்புக்கு அனுப்புனா தெரிஞ்சிடுற விசயம்.

குதிரைச் சங்கத்துக்காரங்க இங்க இருக்குற பொலி குதிரைங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு எல்லாரும் பாக்குற மாதிரி வச்சா நல்லது. அதுவரைக்கும் குட்டி வாங்குறவங்க அந்தப் பொலி குதிரையோட பேருலயே லைசென்ஸ், டெஸ்டு மார்க், ஜீன் ரிசல்ட்டு மூணையும் கேளுங்க, தாத்தாவோட கப்பு போட்டோவக் காட்டுனா முன்பணம் குடுத்துறாதீங்க.

ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்