மூன்று வார மௌனம்

ராயபுரம்,
ஆனி 20

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பேரன் பிறந்திருக்கும் செய்தியை வீட்டில் சிலேட்டில் எழுதித்தான் காட்டினேன். ஆமாம், சிலேட்டில்தான். குரல்நாணில் சிறு முடிச்சு விழுந்திருக்கிறது, மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சித்திரையிலேயே கரகரப்பு தொடங்கிவிட்டது. மேல் ஸ்தாயிக்குப் போனால் பாதி குரல், பாதி காற்று. கீபோர்டு தம்பியிடம் எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கச் சொன்னேன். பிறகு இன்னொரு அரைக்கட்டை. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், எதுவும் கேட்கவில்லை.

குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. ஆடி வருகிறது. அம்மன் கோவில் கச்சேரிகளுக்கு முன்பணம் வாங்கி, அதில் பாதியைச் செலவும் செய்துவிட்டேன். ‘அவருக்குத் தொண்டை போய்விட்டது’ என்று காசிமேட்டில் ஒரு வாய் சொன்னால், நான் பஸ் பிடித்துத் தண்டையார்பேட்டை போவதற்குள் பேச்சு அங்கே எனக்கு முன்னால் இறங்கிவிடும். அதனால் கேட்பவர்களிடம் ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊருக்குப் போனவன் மொட்டைமாடி அறையில் கேசட் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எந்தக் கேசட் தெரியுமா? பர்மா பஜாரில் அரை மணி நேரம் பேரம் பேசி நீ வாங்கித் தந்தாயே, குவீன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கேசட், அதுதான். அட்டை எப்போதோ கிழிந்துவிட்டது. நாடா இரண்டு இடத்தில் மடங்கியிருக்கிறது. அந்த இடம் வந்தால் குழுவின் பாடகன் ஃபிரெடி மெர்க்குரி தண்ணீருக்குள் மூழ்கி எழுந்து வருவதுபோல் இருக்கும். 1975-ல் வந்த ‘போஹீமியன் ராப்சடி’ என்ற அந்த ஆறு நிமிடப் பாட்டின் நடுப்பகுதிக்குக் குரல்மேல் குரலாக ஏற்றி ஏற்றி, ஒலிநாடாவே தேய்ந்து மறுபக்கம் தெரியும் அளவுக்குப் போய்விட்டதாம். நம் நாடா பரவாயில்லை.

அதே 1975-ல் அவனுக்கும் தொண்டையில் முடிச்சு. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பல நிகழ்ச்சிகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நமக்கு அப்போது இதெல்லாம் எங்கே தெரியும்? அந்தப் பல்லையும் மீசையையும் பார்த்துச் சிரித்தோம். வாயில் கூடுதலாக முளைத்த பற்களை எடுத்தால் குரல் மாறிவிடுமோ என்று பயந்து கடைசிவரை அப்படியே விட்டுவைத்தான். இப்போது சிரிப்பு வரவில்லை எனக்கு.

மேற்கு மாதா கோவில் தெருவில் நெருப்பை வணங்கும் பார்சிகளின் கோவில் இருக்கிறதல்லவா, மற்றவர்கள் உள்ளே போக முடியாதது? மருத்துவரிடம் போகும்போதெல்லாம் அந்த வாசலைக் கடக்கிறேன். ஃபிரெடியும் பார்சிப் பிள்ளைதான். 1946-ல் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் பிறந்த ஃபரூக் புல்சாரா. எட்டு வயதில் கப்பலேற்றி நம் மகாராஷ்டிரத்துப் பஞ்சகனி உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பியானோவும் முதல் இசைக்குழுவும் அங்கேதான். 1964-ல் சான்சிபார் புரட்சிக்குப் பயந்து குடும்பம் லண்டனுக்கு ஓடியது. ஹீத்ரோ விமான நிலையத்தில் மூட்டை ஏற்றி இறக்கியிருக்கிறான். புகழ் வந்த பிறகு இந்தப் பழைய கதைகளைப் பேட்டிகளில் அதிகம் பேசவே மாட்டான்.

தொழிலிலும் அடி வாங்கினான். 1984-ல் இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், சன் சிட்டியில் போய்ப் பாடியது குவீன். ஐ.நா. கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது. அது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அடுத்த ஆண்டு தனியாகப் போட்ட ஆல்பமும் நினைத்த அளவு போகவில்லை. குழு உடையப்போகிறது என்ற பேச்சு. அந்த ஜூலையில்தான் வெம்ப்லி மைதானத்தில், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டிய கச்சேரியில், இருபது நிமிடம் பாடி அத்தனை பேரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

பிறகு நோய். 1987-ல் தெரிந்துவிட்டது. 1990 பிப்ரவரியில் ஒரு விருது விழா மேடைக்கு எலும்பும் தோலுமாக வந்தான். பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தார்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே ஸ்டூடியோவில் பாடினான். 1991 நவம்பர் 23-ல் எய்ட்ஸ் என்று அறிக்கை வந்தது. மறுநாள் இறந்துவிட்டான். வயது 45. சடங்குகளைப் பார்சிக் குருமார்களே செய்தார்கள்.

நீயும் நானும் அப்போது சண்டை போட்டது நினைவிருக்கிறதா? ‘முன்பே சொல்லியிருந்தால் அதே நோயில் கிடக்கிற எத்தனை பேருக்குத் தெம்பாக இருந்திருக்கும், கோழை’ என்றேன் நான். நீ பதில் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து நம் டிரம்ஸ் அண்ணனுக்கு அதே நோய் வந்தது. அவர் மறைக்கவில்லை. வெகுளி மனிதர், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். ஒத்திகைக் கொட்டகையில் அவர் டீ குடித்த கிளாஸை யாரோ குப்பையில் போட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாளிலிருந்து சட்டைப் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார். டிரம்ஸ் குச்சிகளை மட்டும் துணியில் சுற்றி வேறு ஒருவருக்குக் கொடுத்தார், வாங்கியவர் அந்தத் துணியை எறிந்துவிட்டார். அவர் தாம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்கப் போகலாம் என்று நாம் இருவரும் பீச் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தோம். ஒரு டீ குடித்துவிட்டு ஏறலாம் என்று நீதான் சொன்னாய். குடித்தோம். மூன்று ரயில் போயிற்று. நீ ராயபுரம் பக்கம் நடந்தாய், நானும் பின்னால் வந்தேன். இதைப் பற்றி நாம் இதுவரை பேசியதில்லை. பேச முடியாத இந்த மூன்று வாரத்தில் எழுதத் துணிவு வந்தது.

ஒரு முடிச்சுக்கே நான் வீட்டில் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். அவனைக் கோழை என்றவன் நான்.

நேற்றுக் கீபோர்டு தம்பி வந்து மாடிக்கே ஏறிவிட்டான். சிலேட்டில் உள்ளதை எழுதிக் காட்டினேன். படித்தான், உள்ளங்கையால் அழித்தான். “சித்திரையிலேயே தெரியும், அண்ணே” என்றான். ஆடி முதல் இரண்டு கச்சேரிக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவருகிறானாம். நன்றாகப் பாடுவானாம். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

புனேயிலிருந்து பஞ்சகனி இரண்டரை மணி நேரம்தான் என்று எழுதியிருந்தாய். பேரனைப் பார்த்து முடித்ததும் ஒருநாள் போய் வா. அந்தப் பள்ளியில் பியானோ இன்னும் இருந்தால், யாராவது வாசிக்கிறார்களா என்று கேட்டு எழுது.

உன்,
ராயபுரத்து நண்பன்