மிளகில்லாத மிளகு கேக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

டிரெஸ்டன் போய் ஒரு மாதம் ஆகிறது, இன்னும் புல்ஸ்னிட்ஸ் போகவில்லையாமே! காமென்ஸ் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். தரங்கம்பாடியில் ஒரு சிலைக்குக் கீழே நின்று ஐஸ் கேட்டு அழுதாயே, அந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1682இல் பிறந்த ஊர் அது.

நவம்பர் தொடக்கத்தில் போனால் நல்லது. ஃபெஃபர்கூக்கன் சந்தை நடக்கும். பெயருக்கு அர்த்தம் மிளகு கேக், ஆனால் மிளகைத் தேடாதே. கிழக்கிலிருந்து கப்பலில் வந்த மசாலா எல்லாமே அவர்களுக்கு ஒரு காலத்தில் 'மிளகு'தான். பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று நம் அஞ்சறைப்பெட்டி வாசனை அடிக்கும். மாவையும் தேனையும் அல்லது பாகையும் பிசைந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவிட்டு, அப்புறம்தான் மசாலா சேர்த்துச் சுடுவார்கள். வெண்ணெய் கிடையாது. அந்த ஊரில் ரொட்டி சுடுகிறவர்களுக்கு இதையும் சுடும் உரிமை 1558இல் கிடைத்தது. ஆக, சீகன்பால்கு பிறப்பதற்கு 124 வருடம் முன்பே நம் பக்கத்துச் சரக்கு அவர் ஊருக்குப் போய்விட்டது! அவர் 1706இல்தான் இங்கே வந்து இறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்த கதை உனக்குத் தெரியும், விடு.

நீலச்சாயப் பட்டறையை மட்டும் விட்டுவிடாதே. மர அச்சில் பசையைத் தொட்டுத் துணியில் குத்துவார்கள். பிறகு இண்டிகோ தொட்டியில் முக்கி எடுத்தால் துணி முதலில் பச்சையாகத்தான் தெரியும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். பசையைக் கழுவினால் அது இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பூ. இண்டிகோ என்றால் வேறென்ன, நம் அவுரி நீலம்தான். ஐரோப்பாவின் இந்த நீல அச்சுக்கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

சந்தைச் சதுக்கத்தில் சிற்பி எர்ன்ஸ்ட் ரீட்ஷலுக்குச் சிலை உண்டு. அவரும் அந்த ஊர்க்காரர், 1804இல் பிறந்தவர். வைமார் நகரில் ஜெர்மன் கவிஞர்கள் கெதேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கிற சிலை அவர் செய்தது. உன் டிரெஸ்டன் ஆப்பெரா பக்கத்தில் நிற்கும் இசையமைப்பாளர் வெபர் சிலையும் அவருடையதுதான். தினமும் தாண்டிப் போகிறாய், ஒரு நாளாவது நின்று பார்.

வரும்போது முக்கோணமாக, உள்ளே ஜாம் வைத்துச் சாக்லேட் பூசின 'ஷ்பிட்சன்' ஒரு டப்பா வாங்கி வா. இதில் மிளகு எங்கே என்று சித்தி கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா