முப்பது நொடியில் மறைந்த டிஸ்க்

சென்னிமலை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மஞ்சள் வெட்டு ஆரம்பிக்கப் போகிறது, ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அப்பாருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. ஆனாலும் தினமும் ஒரு தடவை தறியடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்.

டிசைன் பெட்டி என்னாயிற்று என்று கேட்டிருந்தாய். அதைத்தான் விரிவாக எழுத வேண்டும். அப்பாரு காலத்திலிருந்து சேர்ந்த பெட்ஷீட் டிசைன்கள், தறியில் டிசைன் விழ வைக்கும் துளை அட்டையான ஜக்கார்டு அட்டை அடிப்பதற்காகக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தவை, இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஓரம் எல்லாம் பொடிந்துகொண்டு வருகிறது. ஸ்கேன் செய்து வைக்க டிஸ்க் செருக இரண்டு சாட்டா போர்ட் உள்ள சின்ன ஏஆர்எம் போர்டு, அதாவது ஒரே பலகையில் அடங்கிய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, இரண்டரை அங்குல டிஸ்க் இரண்டு மாட்டினேன். ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

லினக்ஸ் ஏறியது, இரண்டு டிஸ்க்கும் தெரிந்தன. அரை நிமிடம் கழித்து இரண்டும் காணோம். திரும்ப ஆன் செய்தால் திரும்பவும் அதே கதை. கேபிள் மாற்றினேன், அடாப்டர் மாற்றினேன், டிஸ்க்கையே கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். எதிலும் பழுதில்லை. நான்கு நாள் ராத்திரி இப்படியே போயிற்று. கடைசியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் செய்திகளை வரி வரியாகப் படித்தபோது, முப்பதாவது நொடி வாக்கில் டிஸ்க்குக்கு ஒன்றாக இப்படி வரி கண்ணில் பட்டது: 'சாட்டா-5வி: டிசேபிளிங்'. கெர்னலே கரண்டை நிறுத்தியிருக்கிறது!

காரணம் புரிந்ததும் கெர்னல் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. இந்த மாதிரிப் போர்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குத் தானாகத் தெரியாது. டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். டிஸ்க்குக்கு 5 வோல்ட் கொடுக்கும் சுவிட்சை ரெகுலேட்டர் என்று அதில் எழுதியிருந்தார்கள், பூட் ஆகும்போதே ஆன் ஆக வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தச் சுவிட்ச் யாருக்கானது என்று எங்குமே எழுதவில்லை. தறிக்குடோனில் ராத்திரி கடைசியாகக் கிளம்புகிறவர், எந்தத் தறியும் ஓடாத லைனை ஒவ்வொன்றாக ஆஃப் செய்துவிட்டுத்தானே போவார்? கெர்னலும் அதையே செய்கிறது. பூட் முடிந்து கொஞ்ச நேரத்தில், யாரும் உரிமை கேட்காத ரெகுலேட்டரை எல்லாம் அணைத்துவிடுகிறது.

உரிமை கேட்க வேண்டியது டிஸ்க்கோடு பேசும் சாட்டா கன்ட்ரோலர். அந்தக் கன்ட்ரோலரின் விவரத்தில் 'டார்கெட்-சப்ளை' என்று ஒரு வரி எழுதி அந்த ரெகுலேட்டரைக் காட்டினால், கன்ட்ரோலரை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை எடுத்து ஆன் செய்து தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும். அந்த வரி இல்லாவிட்டால் டிரைவர் பிழை என்று சொல்வதே இல்லை. டிஸ்க்குக்கு வேறு எங்கிருந்தோ நேரடியாகக் கரண்ட் வருகிறது என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். பெரும்பாலான போர்டுகளில் அதுதான் உண்மை என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தேடுகிறவன் பாடு பெரும்பாடு.

'ரெகுலேட்டரை எப்போதும் அணைக்காதே என்கிற ஆல்வேஸ்-ஆன் வரியைப் போட்டுவிட்டுத் தூங்கு' என்று நீ சொல்வாய், தெரியும். போட்டால் டிஸ்க் ஓடும்தான். ஆனால் கம்ப்யூட்டரைத் தூங்க வைத்தாலும் அந்த 5 வோல்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். அதோடு, இந்தச் சுவிட்ச் இந்த டிஸ்க்குக்கு என்ற உண்மை கோப்பில் ஏறாமலே போகும். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொரு விஷயம். என் போர்டில் போர்ட்டுக்கு ஒன்றாக இரண்டு சுவிட்ச் உண்டு. பூட்-ஆன் வரியால் இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் சுழல ஆரம்பித்தன. சுற்றத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் இந்த அளவு டிஸ்க் ஒன்று ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அப்போது என் அடாப்டரில் வோல்டேஜ் இறங்குவதை மீட்டரிலேயே பார்த்தேன். ஒரே லைனில் இரண்டு போர்வெல் மோட்டாரைச் சேர்த்துப் போட்டால் பல்பு மங்குமே, அப்படி. அதனால் பூட்-ஆனை எடுத்துவிட்டேன். கன்ட்ரோலருக்குக் கீழே ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனிக் கிளையாக எழுதி, அதற்குரிய சப்ளையை அந்தந்தக் கிளையிலேயே காட்டினேன். ரெகுலேட்டரில் ஆன் ஆனபின் காத்திருக்கும் நேரம் 20,00,000 மைக்ரோ நொடி, அதாவது 2 நொடி. டிரைவர் போர்ட்களை வரிசையாகத்தான் ஆன் செய்கிறது, ஆகவே முதல் டிஸ்க் சுற்றி நிலைத்த பிறகே இரண்டாவதுக்குக் கரண்ட் போகிறது. கிளை எழுத ஆரம்பித்தால் எல்லாப் போர்ட்டுக்கும் எழுதிவிட வேண்டும், இதை மறந்துவிடாதே. விட்டுப்போன போர்ட்டை டிரைவர் கண்டுகொள்ளவே கொள்ளாது.

இப்போது பதினோரு நாளாக நிற்காமல் ஓடுகிறது. நேற்று அப்பாருவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையால் வரைந்த மயில் பார்டரைத் திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மூன்றாவது வரிசையில் ஒரு கட்டம் தப்பு என்றார். பார்த்தால் ஸ்கேனில் விழுந்த தூசி.

முதல் டிரங்குப் பெட்டி பாதி முடிந்திருக்கிறது. தைப்பூசத் தேருக்கு நீ வருகிறாய் அல்லவா, இரண்டு நாள் கூடத் தங்குகிற மாதிரி வா. தாள்களைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், மீட்டரும் உன்னுடையதுதான் துல்லியம், அதையும் எடுத்து வா.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்