பக்கத்துக் கடை நானாவுக்கு

நவம்பர் 30. வருமான வரி விபரத்திரட்டு அனுப்பக் கடைசி நாள். மட்டக்களப்பில் அடைமழை. மாலையில் கரண்ட் போனபோது எங்கள் மேசையில் இன்னும் 14 பேரின் கோப்புகள். வங்கி வட்டியில் பிடித்த வரிக்கான சான்றிதழை ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் அப்போதுதான் நனைந்தபடி கொண்டுவந்து தந்திருந்தார். எங்கள் ஊர்ச் சாமி மாமாங்கேஸ்வரரைத்தான் கூப்பிட்டேன்.

நானா, நீங்கள் இஷா தொழுதுவிட்டு வந்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துத் தந்தீர்கள். அப்புறம் எங்கள் நால்வருக்கும் இஞ்சி போட்ட பிளேன்டி. கடைசிக் கோப்பை அனுப்பும்போது இரவு 11.40. அதுவரை கடையைப் பூட்டாமல் வாசலிலேயே இருந்தீர்கள்.

காலையில் நன்றி சொல்ல வந்தேன், கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டீர்களாம். வந்ததும் ஒரு எட்டு வாங்க நானா. ரீச்சர் உங்களுக்கென்று தொதல் கிண்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.